பிஜிஎம்ஐ: நீண்ட கால ஆட்ட அனுபவம் – ஈர்ப்பு எங்கே, சேதம் எங்கே

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போனில் ஆடும் சுடும் ஆட்டம்; சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை மிஞ்சுபவருக்கே வெற்றி. இதன் எராங்கல் என்ற வரைபடத்தில் ஒரு மேட்ச் கடைசி வட்டம்வரை போனால் சுமார் அரை மணி நேரம் ஆகும். பிஜிஎம்ஐயை வைத்து வீடுகளில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி, பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாததால் வருகிறது. மேட்ச்சை நடுவில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர முடியாது. ஸ்குவாட் என்ற அணியில் நான்கு பேர். ஒருவர் போனை வைத்துவிட்டால் மற்ற மூவரும் ஆள் குறைந்து மாட்டிக்கொள்வார்கள், வைத்தவரின் ரேங்க்கும் அடிவாங்கும். இருபதாவது நிமிடத்தில் “உடனே ஆஃப் பண்ணு” என்றால் பையன் எரிந்து விழுவது இதனால்தான். “இந்த மேட்ச்சோட நிறுத்திக்கோ” என்றால் பெரும்பாலும் கேட்பான். ஆகவே கட்டுப்பாட்டை நிமிடத்தில் வைக்காதீர்கள், மேட்ச் கணக்கில் வையுங்கள். பள்ளி நாளில் ஒரு எராங்கல், அல்லது இரண்டு லிவிக். லிவிக் 2×2 கி.மீ. வரைபடம், 52 பேர்; கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவு பேரை இது ஏன் பிடித்து வைத்திருக்கிறது? எராங்கல் 8×8 கி.மீ. தீவு. 100 பேர் வெறுங்கையோடு குதிக்கிறார்கள். விமானப் பாதை, கையில் கிடைக்கும் லூட் (ஆயுதம், மருந்து), ஜோன் என்ற ஆட்ட வட்டம் சுருங்கும் இடம் மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒரே வரைபடத்தை ஆண்டுக்கணக்கில் ஆடினாலும் சலிப்பதில்லை. நாக் ஆன (அடிபட்டு விழுந்த) டீம்மேட்டை எழுப்ப 10 நொடி, ஃபர்ஸ்ட் எய்ட் கிட் போட 6 நொடி. எதிரி வருவதற்குள் அது முடியுமா என்று கணக்குப் போடும் அந்தப் பதற்றத்தில்தான் ஆட்டத்தின் ருசியே இருக்கிறது. படிப்பு, வேலை என்று நாலு ஊருக்குப் பிரிந்த நண்பர்களுக்கு இதன் மைக்தான் டீக்கடை பெஞ்சு. இந்த நட்பை வெறும் நேர விரயம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

சிக்கல் ரேங்க்கில் தொடங்குகிறது. கீழ்நிலைகளில் எதிரே வருபவர்களில் பலர் பாட்கள், அதாவது கணினியே இயக்கும் போலி ஆட்கள். புதிதாக வருபவருக்குக் கில் எளிதாக விழும், நன்றாக ஆடுகிறோம் என்ற நம்பிக்கை வரும். க்ரௌன், ஏஸ் என்ற மேல்நிலைகளுக்கு ஏறியதும் உண்மையான ஆட்கள் வருவார்கள், சீக்கிரம் செத்தால் புள்ளி இறங்கும். இறங்கியதை மீட்க இன்னொரு மேட்ச். சீசன் முடிந்ததும் எல்லாரும் கீழே இறக்கப்படுவார்கள், மறுபடி ஏற வேண்டும். உச்சியில் உள்ள கான்கரர் பட்டம் முதல் 500 பேருக்கு மட்டும். அந்த இடத்தை ஒருமுறை பிடித்தால் போதாது, பின்னால் வருபவர்கள் தள்ளிவிடாமல் தினமும் காக்க வேண்டும். படிப்போ வேலையோ உள்ளவர்கள் அந்தப் பட்டத்துக்குப் போகவே வேண்டாம். இரண்டு மேட்ச் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்ல விதி. கோபத்தில் ஆடும் மூன்றாவது மேட்ச்சில் குறிதான் தவறும்.

யாரும் கவனிக்காத இன்னொரு நேரத் திருடன் லாபி, அதாவது மேட்ச் தொடங்கும் முன் வரும் முகப்புத் திரை. ஈவென்ட், மிஷன், மெயில் என்று ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் புள்ளி. எல்லாவற்றையும் தொட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பான ஃபேமிலி லிங்க்கில் நேர வரம்பு வைப்பவர்கள் இதையும் சேர்த்து, ஒரு எராங்கல்லுக்கு 45 நிமிடம் கொடுங்கள். சரியாக 30 என்று வைத்தால் கடைசி வட்டத்தில் ஆப் மூடிக்கொள்ளும்.

பணம் யூசியாக (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் நாணயமாக) மாறியதும் அதன் மதிப்பு கண்ணுக்குத் தெரியாது. யூசி கொடுத்துத் திறக்கும் கிரேட் பெட்டியில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம்தான். உடைக்கும் துப்பாக்கிக்கும் போடும் அலங்காரமான ஸ்கின்னால் சுடும் திறன் கூடுவதுமில்லை. ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள், சேமித்த கார்டை நீக்குங்கள், யுபிஐ பின்னைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். குறைந்த விலைக்கு யூசி தருவதாக லாகின் கேட்பவர்களிடம் கொடுத்தால் கணக்கே போய்விடும். நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் கஸ்டம் ரூம்கள் (தனிப்பட்டவர்கள் அமைக்கும் மேட்ச்கள்) பக்கம் போகவே கூடாது.

உடம்பில் முதலில் வலிப்பது கட்டைவிரலின் அடிப்பகுதி. காலடிச் சத்தம் மெல்லியது, துப்பாக்கிச் சத்தம் பலமானது. காலடிக்காக ஹெட்செட் ஒலியை ஏற்றினால் காது முழுச் சுமையையும் தாங்கும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் போன் சூடாகி ஃப்ரேம் குறையும், பேட்டரியும் சீக்கிரம் தளரும். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசி மேட்ச் முடியட்டும். கடைசி வட்டத்தின் படபடப்போடு படுத்தால் தூக்கம் வராது.

பிஜிஎம்ஐயின் முன்னோடியான பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐயும் 2022இல் நீக்கப்பட்டு, 2023 மேயில் நேர வரம்போடு திரும்பியது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அப்போது நாளுக்கு 3 மணி நேரம் என்று வைத்தார்கள். அது ஆறு எராங்கல். பள்ளிப் பிள்ளைக்கு அது மிக அதிகம். பெரியவர் பெயரில் கணக்கு திறந்தால் அந்த வரம்பும் வேலை செய்யாது.

வன்முறை பற்றிய பயத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். நிஜ வன்முறையை விடியோ கேம் மேல் சுமத்தப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்தோடு சிறிய தொடர்பு உண்டு என்றும் சொன்னது. கவனிக்க வேண்டியது வேறு: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேல் ஆட்டம் வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இவை மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால் அது கேமிங் கோளாறு. 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. ஆனால் சாப்பாடு, தூக்கம், பள்ளி மூன்றும் குலைந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் 2014 முதல் இருக்கிறது.