அவுட்போர்டா, வால் எஞ்சினா? பழைய பைபர் போட்டு வாங்கப் போன கதை

சித்தப்பா மகனுக்கு ஒரு போட்டு வேண்டும். தரங்கம்பாடிக்குக் கொஞ்சம் வடக்கே, மணலிலிருந்து தள்ளி இறக்குகிற கரை அவனுடையது. கையிலிருந்த காசுக்குப் புதுசு எட்டாது. பங்குனியில் ஒரு வாரம் பைக்கில் சுற்றி, கடைசியில் இரண்டு போட்டில் வந்து நின்றோம். ஒன்று நாகப்பட்டினம் பக்கம்: 28 அடி, 9.9 குதிரைசக்தி பெட்ரோல் அவுட்போர்டு (போட்டின் பின்பக்கம் வெளியே தொங்கவிடுகிற எஞ்சின்), இரண்டு ஸ்ட்ரோக். இன்னொன்று மல்லிப்பட்டினம் பக்கம்: 27 அடி, ஒற்றைச் சிலிண்டர் டீசலில் லாங் டெயில், நீளத் தண்டின் நுனியில் புரொப்பல்லர் சுற்றுகிறது, நம்ம ஆட்கள் வால் எஞ்சின் என்பது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். தம்பிக்கு முதல் போட்டின் மேலேயே கண். “அண்ணே, அது பறக்குதுண்ணே” என்றான்.

பறந்தது உண்மை. விற்கிறவர் ஒருவர் மட்டும் ஏறி, வலை இல்லாமல், ஐஸ் பெட்டி இல்லாமல் ஓட்டிக் காட்டினார். காலிப் போட்டு யாருக்கும் பறக்கும். சுமை ஏறி, நீரைக் கிழித்துக்கொண்டு போகிற நிலைக்கு வந்துவிட்டால் வேகத்தை எஞ்சினைவிட நீளம்தான் தீர்மானிக்கும். தண்ணீரில் படிகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்தப் போட்டுக்குச் சௌகரியமான உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். 25 அடி படிந்தால் 6.7 நாட், அதாவது மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் போல. அதற்கு மேலே தள்ள நினைத்தால் எரிபொருள்தான் கரையும். அதனால் நாலு பேரை ஏற்றி, மணல் மூட்டை நாலைந்து போட்டு மறுபடி ஓட்டச் சொன்னோம். அவர் முகம் மாறியது. ஓட்டினார். இரண்டு போட்டுக்கும் நடுவே வேக வித்தியாசம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

வேகம் போனால் மிஞ்சுவது கரை. கோடியக்கரைக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே திரும்பினால் வேறு கடல். வடக்கே வானகிரி, பூம்புகார், தரங்கம்பாடி எல்லாம் அலை உடைகிற திறந்த கரை. அலைக்கும் அலைக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் எஞ்சினை உடனே பிடித்து, உடனே திருப்பி வெளியே போய்விட வேண்டும். அங்கே அவுட்போர்டுக்குக் கை ஓங்கித்தான் இருக்கும். வால் எஞ்சினைத் திருப்ப இடம் வேண்டும். அலையில் வால் நீரைவிட்டு எழும்பினால் எஞ்சின் பேய் பிடித்த மாதிரி கத்தும். தெற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் எல்லாம் ஆழம் குறைந்த சேற்றுக்கடல். அங்கே கதை தலைகீழ். அவுட்போர்டு தன்னைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரையே உறிஞ்சுகிறது. சேறும் மணலும் கூடவே போய், பம்பின் ரப்பர் சக்கரத்தைத் தின்றுவிடும். காற்றில் குளிர்கிற டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை. முகத்துவாரத்தில் மணல் திட்டு வந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் இரண்டும் ஓடத்தான் செய்கின்றன, ஆனால் எது எங்கே சீக்கிரம் தேயும் என்பது தெரிந்தால் எங்கே தோண்டிப் பார்ப்பது என்பதும் தெரியும்.

நாகப்பட்டினம் எஞ்சினில் இருந்து ஆரம்பித்தோம். மூடியில் கை வைத்தால் சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தோம். ஏழாவது இழுப்பில் பிடித்தது. பக்கவாட்டில் பீச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி இருந்தது. வலுவாக, விடாமல் வந்தால்தான் பம்பு நல்ல பம்பு. பிளக்கைக் கழற்றி அழுத்தமானி வைத்ததில் இரண்டு சிலிண்டரும் அருகருகே காட்டின, அது நல்ல விஷயம். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் நான் அங்கேயே எழுந்துவிடுவேன்.

அடுத்து கீழே, கியர் பெட்டி. அடித் திருகைக் கழற்றினால் வருகிற எண்ணெய் தேன் மாதிரி இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது பால் டீ. உள்ளே தண்ணீர். புரொப்பல்லரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: தண்டைச் சுற்றி நைலான் வலை நூல், இறுகிக் கறுத்து, தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை அறுத்திருக்கிறது. மீன்பிடிப் போட்டில் ஓடின அவுட்போர்டு எதுவானாலும் இதைப் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள். உல்லாசப் படகு வாங்குகிறவனுக்கு இது ஒரு வரிக் குறிப்பு, நமக்கு இதுதான் முதல் சந்தேகம். ஓடி வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் ஓடவிடுவீர்களா என்று கேட்டேன். “தினமும்” என்றார். வீட்டைச் சுற்றி எஞ்சின் கால் இறங்குகிற மாதிரி ஒரு டிரம்மும் கண்ணில் படவில்லை.

வால் எஞ்சினில் பார்க்க அவ்வளவு இல்லை, எல்லாம் வெளியே தெரிகிற உறுப்புகள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் புஸ் புஸ் என்று புகை தள்ளுகிறதா, அவ்வளவுதான் முதல் சோதனை. தள்ளினால் பிஸ்டன் வளையம் தேய்ந்தாயிற்று. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சுமையில் கரும்புகை வந்தால் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும், அது பெரிய செலவு இல்லை. வாலின் நுனியைப் பிடித்து ஆட்டினால், தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்த ஆட்டம் கையில் தெரியும். மல்லிப்பட்டினம் எஞ்சினுக்கு லேசான ஆட்டம், லேசான கரும்புகை. கடைத்தெரு மெக்கானிக் ஒரு நாளில் முடிக்கிற வேலை. எரிபொருளிலும் இதற்கே லாபம். பெட்ரோலோடு இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலும் (பல எஞ்சின்களுக்கு 50 லிட்டருக்கு 1 லிட்டர்) கலந்து ஊற்றுகிற வேலையும் இல்லை. இரைச்சல் மட்டும் சொல்லி மாளாது.

ஆனால் எஞ்சின் மாற்றக்கூடிய சாமான். உடம்பு அப்படியில்லை. இதை நான் காசு கொடுத்துக் கற்றவன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்ததற்குப் பிறகு, வேதாரண்யம் பக்கம் கரையில் போட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடுத்த வருடம் ஒன்று வாங்கினேன். பளபள நீலப் பெயின்ட், கண்ணாடி மாதிரி. வாடைக்காற்று எழுந்த மூன்றாவது நாள், நடு உடம்பில் குறுக்கே ஒரு கோடு வியர்க்கிற மாதிரி தண்ணீர் விட்டது. உரித்துப் பார்த்தால் இரண்டாகப் பிளந்த போட்டை ஒட்டுப்போட்டு மூடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து புதுப் பெயின்ட் அடித்த பழைய போட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மங்கின பெயின்ட்தான் நல்ல பெயின்ட். மற்ற கணக்கு சுனாமிப் போட்டு: 2004க்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொடுத்த போட்டுகள் ஏராளம், அவசரத்தில் கட்டினவற்றில் இழை அடுக்கு மெலிசாக விட்டவையும் உண்டு. பக்கச் சுவரை முழங்காலால் அழுத்தினால் தகர டப்பா மாதிரி உள்ளே போய் வருகிறதா என்று பாருங்கள்.

நாகப்பட்டினம் போட்டு மணலில் டிராக்டர் இழுத்த போட்டு. ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடுகிற முதுகெலும்பு) தேய்ந்து இரண்டு இடத்தில் இழை வெளியே தெரிந்தது, அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது கடையாலில், அதாவது போட்டின் பின்முனையில், எஞ்சின் மாட்டுகிற பின்பலகை. வெளியே பைபர், உள்ளே பிளைவுட். போல்ட்டு துளை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். எஞ்சின் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினோம். பலகையும் சேர்ந்து அசைந்தது. ஸ்பானர் பிடியால் தட்டினால் ஓரத்தில் கணீர், நடுவில் தொப். ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். துளையில் விட்ட குச்சியில் ஈரக் கறுப்புத் தூள் ஒட்டி வந்தது. “உப்புக்காத்துல எல்லாம் அப்படித்தான் தம்பி” என்றார் விற்கிறவர்.

மல்லிப்பட்டினம் போட்டு நாள் முழுக்கத் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. ஏரா தேயவில்லை. அடியில் சிப்பி படிந்து, சுரண்டினால் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினால் புளித்த வாடையோடு நீர் வந்தது. கேட்கவே அருவருப்பு, ஆனால் கொப்புளம் மேல்தோல் வியாதி. நிழலில் பல வாரம் உலர்த்தித் தேய்த்து ரெசின் பூசினால் தீரும். வால் எஞ்சினின் அதிர்வில் எஞ்சின் உட்காருகிற கட்டைக்குக் கீழே வெடிப்பு வரும், அதைத்தான் டார்ச் அடித்துத் தேடினோம். ஒரு சாண் நீளத்தில் ஒன்று, ஆழமில்லை. இருக்கைக்கு உள்ளே திணித்த மிதவை நுரையைத் துளை வழியே அமுக்கியதில் தண்ணீர் கசியவில்லை. ஊறிப்போன நுரை போட்டைக் கல்லாக்கிவிடும்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. மீன்வளத் துறைப் பதிவு விற்கிறவர் பெயரில் இருக்கிறதா, போட்டில் எழுதின எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றா, எஞ்சின் எண் பொருந்துகிறதா. மானியத்தில் வாங்கின எஞ்சின் என்றால் கைமாற்ற என்ன நிபந்தனை என்று அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். காகிதத்தில் வராத ஒன்றும் உண்டு: மீன் ஏலம் விடுகிறவரிடம் அந்தப் போட்டின் பேரில் வாங்கின முன்பணம் கடனாக நிற்கிறதா. ஊரில் இரண்டு பேரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

தம்பியின் கரைக்கு அவுட்போர்டுதான் பொருத்தம், அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. ஆனாலும் வால் எஞ்சின் போட்டைத்தான் வாங்கினோம், கொப்புளத்தைக் காட்டி விலை குறைத்து. லாரியில் ஏற்றி வந்து, தென்னை நிழலில் கவிழ்த்துப் போட்டு, வைகாசி முடியக் காயவிட்டான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. விசைப்படகு மீன் வராததால் பைபர் போட்டு மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற அந்த 61 நாளும் கரையில் உட்கார்ந்து மற்றவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குப் பெரிய வருத்தம்தான். ரெசின் பூசும்போதே கடையாலில் புதுப் பலகை வைத்து, நாலு துளை போட்டு, தண்ணீர் இறங்காமல் பசை அடைத்து வைத்திருக்கிறான். அவுட்போர்டு எப்போது வரும் என்று தெரியாது. இப்போதைக்கு இரைச்சலில் காது அடைத்துப்போய், போனில் பேசினால் “என்னண்ணே?” என்று மூன்று தரம் கேட்கிறான்.