ஹட்டனில் ஜப்பான் மொழி வகுப்பு: காசு கட்டுவதற்கு முன்னால் இதை வாசியுங்கள்

ஹட்டன் டவுனில் கரண்ட் கம்பத்தைப் பார்த்தால் கொரியா, சுவரைப் பார்த்தால் ஜப்பான். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை உள்ள எந்தத் தேயிலைத் தோட்ட லயத்திலும் இந்தப் பேச்சுத்தான். "அக்கா, நீங்க போற கிளாஸ் எப்படி, சேரலாமா" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் போட்டு முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைப் போட மாட்டேன். நான் சொல்லப்போகும் குறைகள் மலைநாட்டில் பல வகுப்புகளுக்குப் பொருந்தும், பெயர் போட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும்.

படிப்பிக்கிற விதம் நன்றாகவே இருக்கிறது. சென்சே, அதாவது ஆசிரியர், கண்டிப் பக்கத்து ஆள், ஜப்பானில் நகோயாவில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர். ஜப்பான் எழுத்துக்குக் கீழே உச்சரிப்பை நம் எழுத்தில் எழுத விடமாட்டார், கொப்பியை வாங்கி அவரே அழித்துவிடுவார். அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நம்மிடம் இருப்பது ஒரே 'க', அதை வைத்துக்கொண்டு சாவியையும் (kagi) எழுதி ஒரு பழத்தின் பெயரையும் (kaki) எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், பரீட்சையில் சாவியைச் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் குறில் நெடில் விஷயத்தில் நாம்தான் ராஜா. ஒபசன் என்றால் மாமி வயதுப் பெண், ஒபாசன் என்றால் பாட்டி, ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் இந்த இடத்தில் நம் பிள்ளைகள் நிற்பதே இல்லை. வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் நம்மைப் போலத்தான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே இருக்கிறது என்று எழுதினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் போகட்டும், வாக்கியம் அமைக்கச் சுகமாக இருக்கிறது.

அப்படியிருந்தும் பின் வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். காரணம் ஜப்பான் மொழி இல்லை, சிங்களம். விளக்கம் முழுக்கச் சிங்களத்தில், நோட்ஸ் சிங்களமும் ஆங்கிலமும். 'தெ' வடிவம் என்று ஒரு பாடம் வரும், எல்லாரும் பயப்படும் பாடம். தபெரு (சாப்பிடு) என்பதைத் தபெதெ ஆக்கினால் 'சாப்பிட்டு', அதற்குப் பின்னால் அடுத்த வினையைக் கோர்த்துக்கொண்டே போகலாம், அதாவது நாம் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் படித்த வினையெச்சத்தின் வேலையைத்தான் அது செய்கிறது. இதை ஒருவர் தமிழில் சொன்னால் அரை மணி நேரத்தில் முடியும். சென்சே சிங்கள உதாரணங்களை அடுக்கிக்கொண்டு போக, எனக்குப் பக்கத்தில் இருந்த தங்கச்சி பலகையில் உள்ளதை அப்படியே பார்த்து வரைந்துகொண்டிருந்தாள், எழுதவில்லை, வரைந்தாள். வகுப்பு முடிந்த பிறகு படிக்கட்டில் வைத்து நான் தமிழில் சொன்னதும், "இவ்வளவுதானா அக்கா" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் பேசும் உதவி ஆசிரியை வருவார் என்று சேரும்போது சொன்னார்கள். வருகிற ஞாயிறும் உண்டு, வராத ஞாயிறும் உண்டு.

இதற்கு நிலையத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. நான் படித்த பாடசாலையில் இரண்டாம் மொழி சிங்களம் நேர அட்டவணையில் இருந்தது, ஆசிரியர்தான் இருக்கவில்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945-இல் தொடங்கியது என்று வரலாற்றுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோம், ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையில் எடுக்க 1970-களுக்கு மேல் ஆனது, அதுவரை அவை கம்பனியின் தயவில்தான் நடந்தன. என் அம்மாச்சி ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியது அந்தக் காலத்தில்தான். ஜப்பானிய மொழி உயர்தரத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பாடம், காசு கட்டாமல் படிக்கலாம், அதைப் படிப்பிக்கிற ஒரு தமிழ்ப் பாடசாலை எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த விமர்சனமே தேவைப்பட்டிருக்காது. பாடசாலை தராததை மாடியில் ஓர் அறை எடுத்து விற்கிறார்கள், நாமும் வேறு வழியில்லாமல் வாங்குகிறோம்.

சரி, விலைக்கு வருவோம். சேர்வதற்கு 5000 ரூபாய், மாதம் 6000, புத்தகப் போட்டோ கொப்பிக்குத் தனி. 2024-இல் வர்த்தமானியில் போட்ட 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், அம்மா நாலரை நாள் மலையில் நின்றால் ஒரு மாதக் கட்டணம், அதுவும் கிலோ குறையாமல் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, விழுந்தால். மொழி வகுப்புக்கு மட்டும் என்றால் இந்த விலையை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். சனி ஞாயிறு இரண்டு நாளும் முழு நேரம் நடத்துகிறார்கள், வராதவர்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். பல டியூசன் வகுப்புகளில் அதுகூடக் கிடையாது.

'பெக்கேஜ்' என்று ஒன்று இருக்கிறது, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. JLPT என்ற ஜப்பான் மொழிப் பரீட்சையின் ஆரம்ப நிலையான N5 முடிந்ததும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, படிப்பு, பரீட்சை, இன்டர்வியூ, விசா எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம், பாதி இப்போது, மீதி அங்கே போய்ச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். இடையில் விலகினால் மூலச் சான்றிதழ்களைத் தரமாட்டார்களாம். அந்தக் காலத்தில் நம் ஆட்களின் கடனைத் துண்டில் எழுதி, தோட்டம் விட்டுத் தோட்டம் போனாலும் கடன் கூடவே போகும்படி வைத்திருந்தார்கள், அந்தத் துண்டு முறையை 1921-இல் ஒழித்துவிட்டார்கள். இந்தப் படிவத்தை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். நான் கையெழுத்துப் போடவில்லை, மாதக் காசு கட்டிப் படிக்கிறேன்.

மொழி வகுப்பு நடத்துவது வேறு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி உள்ள முகவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நான் "உங்கள் அனுமதி இலக்கம் என்ன" என்று கேட்டதற்கு "கொழும்பு ஒஃபிசில் இருக்கு தங்கச்சி" என்றார்கள். இலக்கம் மட்டும் இன்னும் ஹட்டனுக்கு வந்து சேரவில்லை.

'குடும்பத்தோடு ஜப்பானில் செட்டில்' என்ற போஸ்டரையும் நம்பாதீர்கள். இவர்கள் அனுப்புவதாகச் சொல்வது 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' (SSW) என்ற வேலை விசாவின் முதல் வகையில். அதில் மொத்தம் ஐந்து வருஷம்தான், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு என்றால் N5-க்கு அடுத்த நிலையான N4 அல்லது JFT என்ற இன்னொரு மொழிப் பரீட்சை மட்டும் போதாது, பராமரிப்புத் திறன் பரீட்சை, அதற்கான தனி மொழிப் பரீட்சை இரண்டையும் எழுத வேண்டும். சேரும்போது இதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இன்னொன்று, N4 பரீட்சையில் பேச்சுப் பகுதியே கிடையாது. 180-க்கு 90 எடுத்து, பகுதிகளுக்கான குறைந்தபட்சப் புள்ளியும் இருந்தால் பாஸ், அதனால் வகுப்பிலும் பேசவிடுவது குறைவு, வினாத்தாள் வினாத்தாளாகக் கொன்றெடுக்கிறார்கள். முதலாளி இன்டர்வியூவில் கேட்பது பேச்சு. அங்கே போய்ப் பாட்டியைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடு போதுமா என்று கேட்பதும் பேச்சுத்தான். நானும் இன்னும் மூன்று பேரும் பஸ்ஸில் போகும்போது ஜப்பான் மொழியில்தான் பேசுவது என்று வைத்திருக்கிறோம், டிக்கோயா வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தமிழ் வந்துவிடும்.

காசு கட்ட வசதியில்லாதவர்கள் 'இரோதோரி'யில் (Irodori) தொடங்குங்கள். ஜப்பான் பவுண்டேஷன் வெளியிட்ட பாடநூல், மூன்று நூல், நூலுக்கு 18 பாடம், ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசம். கடையில் மருந்து கேட்பது, வேலைக்கு லீவு சொல்வது என்று அன்றாட விஷயங்களாக இருக்கும். எங்கள் வகுப்பில் போட்டோ கொப்பி அடித்துக் காசுக்குக் கொடுக்கும் தாள்களில் சில இதிலிருந்து வந்தவை என்பதை அங்கே சேர்ந்த பிறகுதான் பார்த்தேன்.

சிங்களம் ஓரளவு விளங்குகிறவர்களுக்கு இந்த வகுப்புக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். விளங்காதவர்களுக்கு இரண்டுதான், தமிழில் சொல்லித்தர கூட ஓர் ஆள் இருந்தால் மட்டும் சேருங்கள். பெக்கேஜுக்கு ஒன்றும் இல்லை. சேருவதென்றால் மாதக் கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள், சான்றிதழ்களில் பிரதி மட்டும் கொடுங்கள், சனிக்கிழமை எட்டு மணிக்கே போய் முன் வரிசையைப் பிடியுங்கள், பின்னால் இருந்தால் பலகையில் 'கஞ்சி' (kanji) என்கிற, சீனத்திலிருந்து வந்த ஜப்பான் எழுத்துத் தெரியாது.