டைரி, குரூப், ஆப்: மூன்று வகுப்பாக ஹோம்வொர்க் தேடிய அனுபவம்

என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு, முழு ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, பள்ளி நடந்து போகிற தூரம்தான். ஆறாம் வகுப்பில் சேர்த்த 2023 ஜூனிலிருந்து இன்றைக்கு வரை "இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்?" என்ற ஒரே கேள்விக்கு எங்கள் வீட்டில் நாலு வழியில் பதில் வந்துவிட்டது. முதலில் டைரி, பிறகு வாட்ஸ்அப் குரூப், ஏழாம் வகுப்பில் காசு கட்டிய ஒரு ஸ்கூல் ஆப், இந்த வருஷம் கூகுள் கிளாஸ்ரூம், அதோடு கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த அதே டைரி. பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள், பள்ளியில் "எல்லாம் ஆன்லைன்ல வந்துடும் சார்" என்று சொல்லும்போது என்ன கேட்க வேண்டும் என்று யோசிக்க இது உதவலாம்.

டைரியில் தொடங்குகிறேன். பள்ளி ஹேண்ட்புக்கில் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள், கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கடைசி பீரியடில் பெல் அடிப்பதற்கு முன்னால் அவசர அவசரமாக எழுதியது என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். "மேத்ஸ் 2.3" என்று மட்டும் இருக்கும். பயிற்சி முழுக்கவா, முதல் ஐந்து கணக்கா, நோட்டிலா, ரஃப் நோட்டிலா, ஒன்றும் தெரியாது. கேட்டால் "தெரியலப்பா, மிஸ் வேகமா சொன்னாங்க" என்பாள். என் தப்பும் உண்டு. ஆடிட்டர் ஆபீஸ் வேலை, ஜூலை மாதம் ரிட்டர்ன் ஃபைல் பண்ணுகிற சீசனில் வீட்டுக்கு வரவே ஒன்பதாகும், சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் டைரியை நீட்டுவாள், கையெழுத்துப் போடுவேன். ஒருநாள் ஒன்றுமே எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறுநாள் கிளாஸ் மிஸ் அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பினார். அதைவிட நல்ல ரிமார்க் எனக்கு யாரும் எழுதியதில்லை.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வாட்ஸ்அப் குரூப் வந்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் குரூப்பில் அப்பா, அம்மா, சிலருக்குத் தாத்தா என்று எண்பது நம்பர். கரும்பலகையை மிஸ் போட்டோ எடுத்துப் போடுவார், டியூப்லைட் வெளிச்சம் சரியாகப் பக்க எண் மேலேயே அடிக்கும். உடனே "மிஸ் பேஜ் நம்பர் ப்ளீஸ்" என்று நாலு பேர், அதற்குப் பதில் வந்ததும் "தேங்க்யூ மிஸ்" என்று முப்பது பேர். நடுவில் ஒருவர் காலை வணக்கத்தோடு முருகன் படம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு அம்மா "நாளைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூவா, பிளாக் ஷூவா?" என்று கேட்கிறார், பாவம் அந்த மிஸ் அதற்கும் பதில் போடுகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும்தானே.

அட்மின் மட்டும் மெசேஜ் போடுகிற மாதிரி மாற்றும் வசதி வாட்ஸ்அப்பில் 2018லேயே வந்துவிட்டது. எங்கள் குரூப்பில் அது மூன்றாவது மாதம்தான் வந்தது. நிம்மதி என்று நினைத்தால், பெற்றோர்கள் மிஸ் இல்லாமல் இன்னொரு குரூப் ஆரம்பித்தார்கள். உண்மையான கூத்து அங்கேதான். ஒரு நாள் ஒருவர் தன் பையன் முடித்த சயின்ஸ் கேள்வி பதிலை "யாருக்காவது யூஸ் ஆகும்" என்று போட்டோ எடுத்துப் போட்டார். நல்ல மனசுதான். அடுத்த நாள் அதே எழுத்துப்பிழையோடு ஏழெட்டு நோட்டுகள் மிஸ் மேஜையில். என் மகள் நோட்டும் அதில் ஒன்று. வேறென்ன சொல்ல.

குரூப்பின் உண்மையான நஷ்டம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. டைரி காலியாகவே வர ஆரம்பித்தது. ஏன் எழுதவில்லை என்றால், "மிஸ் குரூப்ல போட்டுடுவாங்கப்பா." சாயங்காலம் நாலே காலுக்கு வீட்டுக்கு வருகிறாள், என் மனைவி புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வர ஏழாகும், என் போன் என் சட்டைப்பையில் புதுப்பாளையம் ஆபீஸில் இருக்கிறது. ஹோம்வொர்க் செய்ய வேண்டிய ஆள் ஓரிடத்தில், ஹோம்வொர்க் இன்னோரிடத்தில். மூன்று மணி நேரம் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டு, நான் வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு போவாள், ஹோம்வொர்க் பார்க்கப் போன போன் ஒன்பதரைக்குத்தான் திரும்பி வரும். இவளாவது பரவாயில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற இவளுடைய தோழியின் வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அதை அப்பா விடியற்காலையில் படகில் கொண்டுபோய்விடுவார். அந்தப் பிள்ளைதான் கடைசிவரை டைரியில் ஒழுங்காக எழுதியது, எங்கள் வீட்டுக்கே அவளிடம் கேட்டுத்தான் சில நாள் ஹோம்வொர்க் வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று பட்டது, இன்றைக்கும் அதே கருத்துதான். ஹோம்வொர்க்கும் அறிவிப்பும் ஒன்றில்லை. ஹோம்வொர்க் பிள்ளைக்குப் போக வேண்டிய சேதி. ஃபீஸ், லீவு, பி.டி.ஏ. மீட்டிங், நாளைக்கு கலர் டிரஸ், இதெல்லாம் பெற்றோருக்கு. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் இரண்டும் கெட்டுப்போகிறது.

ஏழாம் வகுப்பில் ஸ்கூல் ஆப். வருஷத்துக்கு 350 ரூபாய், ஃபீஸோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. பெயர் வேண்டாம். நல்லது முதலில்: தேதியைத் தொட்டால் அன்றைய ஹோம்வொர்க் வரும், காய்ச்சலில் மூன்று நாள் போகாதபோது இது அருமையாக இருந்தது. கெட்டது என்னவென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மணிச்சத்தம். ஃபீஸ் நினைவூட்டல், யு.கே.ஜி. பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி, வேன் ரூட் மாற்றம் (நாங்கள் வேனே இல்லை), எல்லாம் ட்ரிங் ட்ரிங். பத்து நாளில் காது பழகிவிட்டது, அதற்கப்புறம் முக்கியமானது வந்தாலும் யாரும் திறப்பதில்லை. ஒருநாள் காலை 9.40க்கு "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று வந்தது. மனைவி பாதி ஷிஃப்டில் அழுதுகொண்டே எனக்கு போன், நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டுகிறாள். பக்கத்து ரோல் நம்பருக்குப் பதிலாக இவளுக்குப் போட்டுவிட்டார்களாம்.

இன்னொரு சங்கதி, இது எந்த ஆப்புக்கும் பொருந்தும். நோட்டிஃபிகேஷன் வரவில்லை என்று பள்ளியோடு சண்டைக்குப் போகும் முன் போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதியைப் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பல போன்கள், நீங்கள் கொஞ்ச நாள் திறக்காத ஆப்பை உறங்க வைத்துவிடும். அங்கே கட்டுப்பாடு இல்லை என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் இது தெரியாமல் ஒரு சோஷியல் சயின்ஸ் ப்ராஜெக்ட் தேதியைக் கோட்டை விட்டேன். ப்ராஜெக்ட் மாதிரி வேலைகள் சேர்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், மிச்சம் 60தான் பரீட்சைக்கு என்னும்போது ஒரு சார்ட் கொண்டுபோகாததும் மார்க்கில் தெரியும்.

அறிவிப்புகளுக்கு உண்மையான பரீட்சை மழைக்காலம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நாணமேடு, உப்பலவாடிப் பக்கமெல்லாம் மூழ்கியது. கரண்ட் இல்லை, நெட் இழுக்கவில்லை, 350 ரூபாய் ஆப் அந்த நாட்களில் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. பள்ளியிலிருந்து வந்த சாதாரண எஸ்.எம்.எஸ். மட்டும்தான் வந்து சேர்ந்தது. டேட்டா இல்லாமலும் சிக்னல் லேசாக இருந்தாலும் எஸ்.எம்.எஸ். வரும், அந்தப் பழைய வழியை எந்தப் பள்ளியும் விட்டுவிடக் கூடாது.

பெற்றோர் குரூப்பிலோ அந்த வாரம் முழுக்க ஃபார்வர்டு மழை. எங்கள் ஊருக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. கடலூருக்கு லீவு விடுவது மாவட்ட ஆட்சியர், இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத புதுச்சேரிக்கு அந்த அரசாங்கம். "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஒரு படம் வரும், எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அதில் இருக்காது. மழை இல்லாத நாளிலேயே குழப்பம்தான்: நவம்பர் 1 அவர்களுக்கு விடுதலை நாள் லீவு, நமக்குக் கிடையாது. என் மைத்துனி பையன் அங்கே படிக்கிறான், அவன் லீவில் இருப்பதைப் பார்த்து என் மகள் ஷூ போட மறுத்த காலைகள் உண்டு. பழைய வருஷத்து லீவுச் செய்தியைத் தேதி வெட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் கிளாஸ் மிஸ் ஒரு விதி வைத்தார், லீவு என்று நான் போட்டால்தான் லீவு. அவ்வளவுதான், அடங்கியது.

எட்டாம் வகுப்பில் ஆப்பைப் பள்ளி நிறுத்திவிட்டது. அதோடு அதிலிருந்த ஃபீஸ் ரசீதுகளும் போயின, எனவே எந்த ஆப்பாக இருந்தாலும் ரசீதை அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு கூகுள் கிளாஸ்ரூம். இதில் எனக்குப் பிடித்தது, அறிவிப்புக்கு ஸ்ட்ரீம், வேலைக்கு கிளாஸ்வொர்க் என்று இரண்டு பக்கம் தனித்தனியாக இருப்பது. கிளாஸ்வொர்க்கில் போடுவது ஸ்ட்ரீமிலும் எட்டிப் பார்க்கும், மிஸ் நினைத்தால் அதை மறைக்கலாம். பள்ளியே தருகிற கணக்கு என்றால் பெற்றோருக்கு தினமும் அல்லது வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் சுருக்கம் வரும்படி செய்யலாம், எது பாக்கி, எது வரப்போகிறது என்று. வாரம் ஒன்று போதும், தினசரி வைத்தால் அதுவும் ட்ரிங் ட்ரிங்தான். நேரம் குறிப்பிடாமல் தேதி மட்டும் போட்டால் ராத்திரி 11.59 வரை கெடு என்று காட்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிட இனிப்பான சேதி இல்லை. நோட்டில் எழுதி முடித்து, போட்டோவும் ஏற்றி, "டர்ன் இன்" அழுத்த மறந்துவிட்டு, சிவப்பில் "மிஸ்ஸிங்" என்று வந்ததும் அழுததும் நடந்திருக்கிறது. அது அவள் மறதி, ஆப் என்ன பண்ணும்.

ஆனால் இந்த வருஷம் எல்லாம் சரியாக ஓடுவதற்குக் காரணம் கிளாஸ்ரூம் என்று சொல்ல மாட்டேன், இந்த வருஷத்து கிளாஸ் மிஸ். அவர் செய்தது சின்ன வேலை. கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம். ஒவ்வொரு டீச்சரும் பீரியட் முடிந்து போகும்போது தன் ஹோம்வொர்க்கைப் பக்க எண்ணோடு அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். கடைசி பீரியடில் ஐந்து நிமிஷம் அதை டைரியில் எழுத மட்டும், எழுதியதை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும். கட்டத்தைப் பார்த்தாலே ஒரே நாளில் மூன்று பெரிய வேலை விழுந்திருக்கிறதா என்று அடுத்த டீச்சருக்கும் தெரிந்துவிடுகிறது. நாலு மணிக்கு அந்த மூலையை மட்டும் ஒரு போட்டோ, அன்றைக்கு வராத பிள்ளைகளுக்காக. ப்ராஜெக்ட் மாதிரி நாள் எடுக்கிறவை கிளாஸ்ரூமில். லீவு, ஃபீஸ் குரூப்பில், அட்மின் மட்டும். நான் குரூப்பை மியூட்டில் வைத்து, தேர்வு அட்டவணையை மட்டும் பின் பண்ணி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் வீட்டுக்கு வரும்போது முக்கால்வாசி முடிந்திருக்கிறது. டைரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன், கேள்விக்குறி பயம் இன்னும் போகவில்லை.

நேற்று டைரியில் எல்லாப் பாடத்துக்கும் நேராக "இல்லை" என்று இருந்தது. ஐந்து பாடத்துக்கும். சந்தேகத்தோடு மகளைப் பார்த்தேன், "சத்தியமாப்பா, ஆண்டு விழா ரிகர்சல்" என்றாள். நம்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். படுக்கப் போகும் முன் மிஸ் இல்லாத அந்தக் குரூப்பைத் திறந்தால் நாற்பத்தியேழு மெசேஜ், எல்லாம் ஒரே கேள்வி: "இன்னைக்கு நிஜமாவே ஹோம்வொர்க் இல்லையா?"