மைனஸ் 30-ல் குதிரைக்குத் தண்ணீர்: வாளியா, ஹீட்டரா, மண்ணுக்கடியில் குழாயா?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் குதிரை வளர்ப்பவர்களிடம் அக்டோபர் பிறந்ததும் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு? எட்மன்டன் பக்கம் ஜனவரியில் மைனஸ் 30 வந்தால் யாரும் அதைச் செய்தியாகக்கூடப் பேசுவதில்லை. பண்ணைச் சாமான் கடைகளில் சூடாகும் வாளி, மிதக்கும் ஹீட்டர், மூழ்கும் ஹீட்டர், தானாக நிரம்பும் தொட்டி என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே வாக்குறுதி: ஐஸ் கட்டாது.

ஐஸ் கட்டுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், குதிரை எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்க்க ஆரம்பித்தால், விலை கூடியது நல்லது என்ற கணக்கு பல இடங்களில் உதைக்கிறது.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் தேவை. கோடையில் அதில் பெரும்பங்கு பச்சைப் புல்லிலிருந்தே கிடைத்துவிடும். புல்லின் எடையில் முக்கால்வாசி தண்ணீர்தான். குளிர்காலத்தில் கிடைப்பதோ கட்டுக் கட்டாகக் காய்ந்த புல், அதில் ஈரம் 15 சதவீதம் இருந்தாலே அதிகம். ஆக, தாகமே எடுக்காது என்று நாம் நினைக்கிற பருவத்தில்தான் குதிரை முழுக்க முழுக்கத் தொட்டியை நம்பி நிற்கிறது. குடிப்பது குறைந்தால் சாணம் சின்னச் சின்ன உருண்டையாக, உலர்ந்து விழும். அடுத்த கட்டம் பெருங்குடலின் வளைவில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்வது. குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. நடுராத்திரியில் கால்நடை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய நிலைமை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. குளிர்காலத்தில் மட்டக்குதிரைகளுக்கு உறையும் நிலைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீரையும், சூடாக்கிய தண்ணீரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாக்கிய தண்ணீரை ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. அதே குழு பின்னால் கவனித்த இன்னொரு சங்கதி வேடிக்கையானது: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குதிரை சில்லென்ற தண்ணீரைத்தான் தேடிப் போகும், குடிக்கிற அளவும் குறைந்துவிடும். ஆகவே சூடான வாளியை வைத்துவிட்டு, மூலையில் பழைய தொட்டியையும் "இருக்கட்டுமே" என்று விட்டுவைத்தால் செலவு செய்த காசு வீண்.

முதலில் செலவே இல்லாத வழியை முடித்துவிடலாம். பனியைத் தின்னட்டும் என்று விடுவது. ஆல்பர்ட்டாவிலேயே ராக்கி மலையடிவாரத்தில் சுற்றும் காட்டுக்குதிரைகளும், சைபீரியாவின் யாக்கூத் குதிரைகளும் அப்படித்தான் பிழைக்கின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். மென்மையாக விழுந்த பனி பத்துப் பங்கு உருகினால்தான் ஒரு பங்கு தண்ணீர். 30 லிட்டருக்கு 300 லிட்டர் பனியை அள்ளித் தின்ன வேண்டும். மைனஸ் 20-ல் இருக்கும் அந்தப் பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 16 மெகாஜூல் செலவாகும். சும்மா நிற்கும் குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவையான தீவனச் சக்தியே 70 மெகாஜூல்தான். உடலில் எப்படியும் வீணாகப் போகும் சூடு இதில் கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும், காய்ந்த புல் தின்னும் பண்ணைக் குதிரைக்கு இது ஒத்துவராது. வயதான குதிரைக்கும் சினைக் குதிரைக்கும் நினைத்தே பார்க்க வேண்டாம்.

அடுத்தது கோடாலியும் வெந்நீரும். ஐஸை உடைப்பது மட்டும் என்றால் இது மோசமான வழி. உடைத்த இடத்தில் இருப்பது பூஜ்யம் டிகிரித் தண்ணீர். குதிரை இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிவிடும். ஐஸ் சில்லுகளைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி வெளியே போடாவிட்டால், அரைமணியில் அவையே ஒட்டிக்கொண்டு புது மூடியாகிவிடும். வெந்நீரின் கதை வேறு. குதிரை ஒரு நாளில் குடிப்பதில் பெரும்பகுதி தீவனம் போட்ட மூன்று மணி நேரத்துக்குள் நடந்துவிடும். காலையும் மாலையும் புல் போடும்போதே கை பொறுக்கிற சூட்டில் ஆளுக்கொரு வாளி வைத்தால், நடுவில் உறைந்துபோனாலும் பெரிய நஷ்டமில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே லாயம், ஒன்றோ இரண்டோ குதிரை என்றால் இதை நான் ஏளனமாகப் பார்க்க மாட்டேன். எந்தக் குதிரை எவ்வளவு குடித்தது என்பதும் வாளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மைனஸ் 30-ல் நாளுக்கு இரண்டு நடை, மார்ச் முடிய, நாலு குதிரைக்கு என்றால்தான் இடுப்பு கேள்வி கேட்கும்.

சூடாகும் வாளி இந்த வேலையின் பாதியை மின்சாரத்திடம் ஒப்படைக்கிறது. 20 லிட்டர் கொள்ளளவு, அடியில் மறைந்திருக்கும் 120, 130 வாட் கம்பி, போதிய சூடு ஏறியதும் அதைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட். நாள் முழுக்க ஓடினாலும் 3 யூனிட்டைக் கொஞ்சம்தான் தாண்டும். ஒயரைக் குதிரை கடிக்காமலிருக்க இரும்புச் சுருள் சுற்றியிருக்கும். அந்தச் சுருள் நெகிழ்ந்து இடைவெளி விழுந்த வாளியை யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். லாயத்துக்குள், தனித்தனிக் கொட்டடியில் இருக்கும் குதிரைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் எனக்குத் தெரியாது. குறை ஒன்றுதான்: 20 லிட்டர் ஒரு ராத்திரிக்குச் சில குதிரைகளுக்குப் போதாது. வாளி வற்றிவிட்டால், தாகத்தோடு நிற்கும் குதிரை அதைக் காலால் உதைத்து உடைக்கவும் செய்யும்.

வெட்டவெளியில் நிற்கும் குதிரைகளுக்குப் பெரும்பாலோர் போவது பெரிய தொட்டியும் ஹீட்டரும்தான். 400 லிட்டர் தகரத் தொட்டி, அதற்குள் 1500 வாட் ஹீட்டர். மிதக்கும் வகையை வாங்காதீர்கள். இளங்குதிரைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். ஒயரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிடும். அடியில் உட்காரும் வகையோ, வடிகால் துளை வழியாகத் திருகிப் பொருத்தும் வகையோ நல்லது. பிளாஸ்டிக் தொட்டி என்றால் அதற்கென்று கம்பிக்கூடு போட்ட ஹீட்டர்தான் பார்க்க வேண்டும்.

மின்செலவைப் போட்டுப் பார்க்கலாம். 1500 வாட் 24 மணி நேரமும் ஓடினால் 36 யூனிட். விநியோகக் கட்டணமெல்லாம் சேர்த்து யூனிட் 20 சென்ட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 7 டாலர் 20 சென்ட், மாதம் 216 டாலர். தெர்மோஸ்டாட் இருப்பதால் முழுநேரமும் ஓடாது என்பார்கள். மைல்டான நாளில் சரி. மைனஸ் 30-ல் காற்றும் அடித்தால், மூடியில்லாத தகரத் தொட்டியில் அது நிற்கவே நிற்காது; அப்படியும் ஓரத்தில் ஐஸ் விளிம்பு கட்டும். சூடு போகிற வழி தண்ணீரின் மேற்பரப்பும் தொட்டியின் பக்கச் சுவரும். ஒட்டுப்பலகையில் வெளிப்பெட்டி அடித்து, இடைவெளியில் இரண்டு அங்குல ஸ்டைரோஃபோம் (நம்மூர்த் தெர்மாகோல் மாதிரி) செருகி, மேலே முக்கால் பரப்பை மூடி, ஒரு குதிரைத் தலை நுழைகிற அளவு மட்டும் திறந்து விட்டால் செலவு பாதிக்கும் கீழே வரும். ஸ்டைரோஃபோம் வெளியே தெரியக் கூடாது, கடித்துத் துப்பிவிடும். இந்தப் பலகை வேலைக்கு ஒரு சனிக்கிழமை போதும், ஆனாலும் பத்துப் பண்ணையில் எட்டில் தொட்டி மொட்டையாகத்தான் நிற்கிறது. இன்னும் பெரிய வாட்டில் ஹீட்டர் வாங்குவது சுலபமாகத் தெரிகிறது போல.

ஹீட்டர் தொட்டியின் நிஜமான ஆபத்து மின்கசிவு. ஹீட்டரின் உறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தண்ணீரில் சில வோல்ட் ஏறும். ரப்பர் அடி பூட்ஸ் போட்டுக்கொண்டு நாம் கையை விட்டால் ஒன்றும் தெரியாது. இரும்பு லாடம் அடித்து ஈரத் தரையில் நிற்கும் குதிரைக்குத் தெரியும். அது தொட்டிக்கு வரும், முகவாய் முடிகள் தண்ணீரைத் தொடும் வரை குனியும், வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுக்கும். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் குனியும், மறுபடியும் இழுக்கும். பிறகு போய்ப் பனியை நக்கும். தொட்டியில் ஐஸ் இருக்காது, தண்ணீர் பளிச்சென்று இருக்கும், குதிரை மட்டும் குடிக்காது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை மண்ணில் அடித்த எர்த் கம்பியிலும் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிளக் இல்லாமல் எந்தத் தொட்டி ஹீட்டரையும் மாட்டக் கூடாது.

இனி, மண்ணைத் தோண்டுகிற வழிகள். தானாக நிரம்பும் சூட்டுக் கிண்ணங்கள் இங்கே புதிதல்ல. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ரிட்சி நிறுவனம் 1921 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. கிண்ணம் சின்னது, சுற்றிலும் காப்பு இருக்கும், சில நூறு வாட் போதும். குடிக்கக் குடிக்க மிதவை இறங்கிப் புதுத் தண்ணீர் வரும். பணம் கிண்ணத்துக்குப் போவதைவிடப் பள்ளத்துக்குப் போவதுதான் அதிகம். ஆல்பர்ட்டாவில் குழாயை ஏறக்குறைய 8 அடி ஆழத்தில் போட்டால்தான் நிம்மதி. நம்மூரில் ஜேசிபி என்கிறோமே, அதை வரவழைத்துக் கொட்டகையிலிருந்து மேய்ச்சல் நிலம் வரை வாய்க்கால் வெட்ட வேண்டும். சில ஆயிரம் டாலர் அங்கேயே கரையும். அதோடு, குதிரை எவ்வளவு குடித்தது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எப்போது பார்த்தாலும் கிண்ணம் நிறைந்தே இருக்கும், குடித்த குதிரைக்கும் குடிக்காத குதிரைக்கும் அதே நிறைந்த கிண்ணம். தண்ணீர் மீட்டர் ஒன்றைக் குழாயில் சேர்த்து வைப்பதற்கு ஆகும் செலவு, பள்ளத்துக்கு ஆனதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. போடுங்கள்.

மின்சாரமே வேண்டாத இரண்டு வகை உண்டு. ஒன்றில் காப்பிட்ட தொட்டியின் வாயைப் பெரிய பந்து அடைத்திருக்கும். குதிரை மூக்கால் பந்தை அமுக்கிக் குடிக்கும். கீழே மண்ணின் சூடும், புதிதாக வரும் தண்ணீரின் சூடும்தான் தொட்டியைக் காக்கின்றன. அதனால் அடிக்கடி குடிக்க ஆள் வேண்டும். இருபது குதிரை சுற்றிச் சுற்றி வந்தால் நன்றாக ஓடும். மூன்று குதிரை மட்டும் என்றால் விடியற்காலையில் பந்து விளிம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையால் ஓங்கித் தட்டித்தான் விடுவிக்க வேண்டும். தயாரிப்பாளர்களே குறைந்தபட்சம் இத்தனை கால்நடை என்று குறித்திருப்பார்கள். விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், கேளுங்கள்.

இரண்டாவது வகை எனக்குப் பிடித்தது. கிண்ணம் எப்போதும் காலி. குதிரை உள்ளே இருக்கும் தகட்டை மூக்கால் தள்ளினால் உறையாத ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறும். விட்டதும் மிச்சம் கீழே வடிந்துவிடும். நிற்கும் தண்ணீரே இல்லாததால் உறைய எதுவும் இல்லை, பாசியும் இல்லை. வருகிற தண்ணீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே, ராத்திரி எந்த நேரத்திலும். தள்ளக் கற்றுக்கொடுக்கச் சில நாள் ஆகும், குட்டிகளுக்கும் குட்டையான மட்டக்குதிரைகளுக்கும் எட்டாது. வடிகிற தண்ணீர் போக அடியில் சரளை வேண்டும். களிமண்ணும் உயர்ந்த நிலத்தடி நீரும் உள்ள இடத்தில் அது வடியாமல் தேங்கி மேலே ஏறி உறைந்துவிடும். மண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாத சாமான் இது.

உப்புத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிடும் யோசனையையும் ஆளாளுக்குச் சொல்வார்கள். பாட்டிலுக்குள் இருப்பது சுலபத்தில் உறையாது, நிஜம். வெளியே இருக்கும் தண்ணீருக்கு அதனால் என்ன லாபம்? காற்றில் அது ஆடும்போது மேலே கட்டும் மெல்லிய ஏட்டை உடைக்கும், அவ்வளவே. மைனஸ் 2, 3-க்குச் சரி. ஆல்பர்ட்டா ஜனவரிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த உப்பைத் தீவனத்தில் போடுவது மேல்: நாளுக்கு 25 கிராம் அளவு தூள் உப்பு சேர்த்தால் குதிரை தானே தொட்டியைத் தேடி வரும். உறையாமலிருக்கக் காருக்கு ஊற்றும் திரவத்தைத் தொட்டியில் கலக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது விஷம்.

என் தேர்வைக் கேட்டால்: கொட்டடியில் சூட்டு வாளி, வெளியே ஆறேழு குதிரை வரை, மின்சாரம் எட்டுகிற தூரம் என்றால், பலகைப் பெட்டி அடித்த பெரிய தொட்டியும் மூழ்கும் ஹீட்டரும். சொந்த நிலம், வடியும் மண், இன்னும் பத்து வருஷம் இங்கேதான் என்றால் மட்டும் பள்ளம் தோண்டி அந்தக் காலிக் கிண்ணம். வாடகை நிலத்தில் 8 அடி தோண்டுவது அடுத்தவனுக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பது.

பெரிய தொட்டியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மின்வெட்டும் ஒரு காரணம். சின்னச் சூட்டுக் கிண்ணம் மைனஸ் 30-ல் மின்சாரம் போன சில மணி நேரத்தில் கல்லாகிவிடும், வால்வும் வெடிக்கலாம். 400 லிட்டர் தண்ணீர் முழுக்க உறைய 130 மெகாஜூலுக்கு மேல் சூட்டை இழக்க வேண்டும். காப்பிட்ட தொட்டிக்கு அது ஒரு ராத்திரியில் நடக்காது. மேல் ஏட்டை உடைத்துவிட்டால் அடியில் தண்ணீர் இருக்கும். அந்தத் தொட்டியை நிரப்புகிற உறையாக் குழாயில் ஒரு விஷயம் மட்டும் கவனம்: அதன் வால்வு மண்ணுக்கு அடியில் இருக்கிறது, மூடியதும் மேல்குழாயில் மிஞ்சிய தண்ணீர் அடியில் உள்ள சின்னத் துளை வழியாக வடிய வேண்டும். ரப்பர் ஹோஸை மாட்டியபடியே விட்டால் அது வடியாது. நிரப்பி முடித்ததும் ஹோஸைக் கழற்றி, சரிவில் நீட்டி வடித்து, சுருட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் மாட்டிவிடுங்கள்.