பகலில் ஒரு டிராகுலா, இரவில் ஒரு டிராகுலா

1931-ல் வந்த ‘டிராகுலா’வை, ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதையைச் சொன்ன அந்த ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு அது திகில் படங்களின் மூத்த பிள்ளை, யாரும் குறை சொல்லக் கூடாது. இன்னொரு கட்சிக்கு அது நாடகத்தை அப்படியே கேமராவில் பிடித்து வைத்த பழைய சரக்கு. இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காட்ட ஒரு சாட்சி இருக்கிறது. அதே யூனிவர்சல் ஸ்டுடியோவில், அதே செட்டில், அதே நாட்களில், ராத்திரி மட்டும் எடுத்த ஸ்பானிய ‘டிராகுலா’.

பேசும்படம் வந்த புதிது அது. டப்பிங் இன்னும் சரியாகக் கைவரவில்லை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வசூலை விடவும் மனமில்லை. அதனால் 1930-ன் கடைசி மாதங்களில் பகல் முழுக்க டாட் பிரவுனிங் ஆங்கிலத்தில் எடுப்பார். அவர் குழு கிளம்பியதும் ஜார்ஜ் மெல்ஃபோர்ட் வேறு நடிகர்களோடு உள்ளே வருவார், விடிய விடிய வேலை நடக்கும். மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. கையில் பணமும் குறைவு. ஆனால் ஒரு பெரிய வசதி இருந்தது: பகல் குழு எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக எடுப்போம் என்று இறங்கலாம்.

பல இடங்களில் நன்றாகவே எடுத்தும் விட்டார்கள். சவப்பெட்டிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படத்தில் மூடிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வரும். உடனே கேமரா வேறு பக்கம் போய்விடும். திரும்பி வரும்போது டிராகுலா நின்றுகொண்டிருப்பார். ஸ்பானியப் படத்தில் மூடி திறக்கிறது, புகை எழும்புகிறது, அதற்குள்ளிருந்து ஆள் எழுந்து வருகிறார். கோட்டைப் படிக்கட்டில் பிரபு நிற்கும் காட்சியிலும் இப்படித்தான். ஸ்பானியக் கேமரா அந்தப் பெரிய படிக்கட்டில் மிதந்து ஏறி அவர் முகத்துக்கு அருகே போகிறது. ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ராபின்சனுக்கு அந்த ஒரு ஷாட்டுக்காகவே கை தட்டலாம். கதையிலும் ஓட்டை குறைவு. கதாநாயகியின் தோழி லூசி ரத்தக் காட்டேரியாக மாறிய பிறகு என்ன ஆனாள் என்பதை ஆங்கிலப் படம் பாதியில் விட்டுவிடும். ஸ்பானியப் படம் அதை முடித்துவைக்கிறது. அதன் கதாநாயகி லூபிடா தோவார் முன்னால் ஆங்கிலப் படத்தின் கதாநாயகி ஹெலன் சாண்ட்லர் வெளிறிப்போய்த் தெரிகிறார். தோவாரின் எவா, தன்னை நேசிக்கிறவன் கழுத்தையே வெறித்துப் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் உதறல் எடுக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: ஸ்பானியப் படம் என்னைப் பயமுறுத்தவில்லை.

காரணம் நடுவில் நிற்கும் ஆள். அதில் டிராகுலாவாக வரும் கார்லோஸ் வில்லரியாஸ் மோசமான நடிகர் இல்லை. ஆனால் பயமுறுத்த வேண்டும் என்றால் கண்ணை விரித்துப் பல்லைக் காட்டிவிடுகிறார். நாம் பயப்பட வேண்டிய இடம் எது என்று அவரே சொல்லிவிடுவதால் பயம் கரைந்துவிடுகிறது. ஆங்கிலப் படத்தின் டிராகுலா பேலா லுகோசி அப்படி எதையும் சொல்வதில்லை. ஹங்கேரிக்காரர், 1927 முதல் பிராட்வே மேடையில் இதே வேடம் போட்டவர். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, பார்த்து, கீழே வைப்பது போலப் பேசுகிறார். வைன் குடிப்பதில்லை என்று சொல்லும் இடத்தில், ‘குடிப்பதில்லை’ என்பதற்கும் ‘வைன்’ என்பதற்கும் நடுவே ஒரு நிறுத்தம் விடுகிறார். அந்த இடைவெளியில், இவர் வேறு எதைக் குடிப்பார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

கண்ணாடிக் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். சிகரெட் பெட்டியின் மூடிக்குள் கண்ணாடி. அதில் டிராகுலாவின் உருவம் விழவில்லை என்று, அவரை எதிர்த்து நிற்கும் பேராசிரியர் வான் ஹெல்சிங் கண்டுபிடித்துவிடுகிறார். பெட்டியை அவர் முன்னால் நீட்டுகிறார். வில்லரியாஸ் கைத்தடியால் ஓங்கி அடித்து நொறுக்குகிறார். நல்ல அதிரடி, சந்தேகமில்லை. லுகோசி பெட்டியைக் கையால் தட்டிவிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த நொடியில் அந்த முகத்தைப் பாருங்கள். ஒரு மிருகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது, பழைய பிரபு திரும்பி வந்து மரியாதையாக மன்னிப்புக் கேட்கிறார். இந்த ஒரு இடத்தில் பகல் குழு இரவுக் குழுவை அடித்துவிட்டது.

டிராகுலாவுக்கு அடிமையாகிவிடும் ரென்ஃபீல்டு வேடத்திலும் இதே வித்தியாசம்தான். ஸ்பானியப் படத்தில் பாப்லோ ஆல்வாரெஸ் ரூபியோ அலறித் தீர்க்கிறார். ஆங்கிலப் படத்தின் டுவைட் ஃப்ரை, ஆளெல்லாம் செத்துக் கிடக்கும் கப்பலின் அடித்தளத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, வாயை அதிகம் திறக்காமல் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பின்னணி இசை கிடையாது. படத்தில் தலைப்பு ஓடும்போது ‘ஸ்வான் லேக்’ ஒலிப்பதும், இசை அரங்குக் காட்சியில் கொஞ்சமும்தான். அந்த வெறுமையில் சிரிப்பு மட்டும் கேட்கிறது. 1998-ல் இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் ஆங்கிலப் படத்துக்குப் புதிதாக இசை எழுதினார். அழகான இசைதான், ஆனாலும் எனக்கு அந்த மௌனம்தான் வேண்டும்.

அதே மௌனம், கதை கோட்டையை விட்டு லண்டன் வந்ததும் பாரமாகிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோட்டையில் ஆங்கிலப் படத்தின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராயிண்டின் கேமரா உயிரோடு இருக்கிறது. டிராகுலா ஒட்டடையைக் கிழிக்காமலே அந்தப் பக்கம் போய் நிற்கிறார், பின்னால் வருகிற ரென்ஃபீல்டு தடியால் கிழித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு காட்சிக்கு ஈடாக இரண்டாம் பாதியில் ஒன்றுமே இல்லை. வரவேற்பறையில் நின்று பேசுகிறார்கள், நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கடைசியில் டிராகுலாவின் சாவு கூடத் திரைக்கு வெளியே ஒரு முனகலோடு முடிந்துவிடுகிறது. நாடகத்தைப் பிடித்து வைத்த படம் என்பவர்கள் இந்தப் பகுதியைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஸ்பானியப் படமும் இதே வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிறது, அதுவும் சுமார் அரை மணி நேரம் கூடுதலாக: ஆங்கிலம் 75 நிமிடம், ஸ்பானியம் 104.

ஆக, அந்தப் பேரும் புகழும் தகுமா? லுகோசிக்கும் முதல் 20 நிமிடத்துக்கும் முழுக்கத் தகும். அதற்குப் பிறகான படத்துக்கு அவர் தோன்றும் இடங்களில் மட்டும் தகும். ஸ்பானியப் படத்துக்கு அதன் பங்கு ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது. ஒரு ரீல் கெட்டுப்போய், கியூபாவில் இருந்த பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்து, 1990-களில்தான் முழுதாக வெளியே வந்தது. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஆங்கிலப் படம் 2000-லும் இது 2015-லும் இடம்பிடித்தன. 2016-ல் 106 வயதில் காலமான லூபிடா தோவார் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

இரண்டையும் பார்க்க நேரமிருந்தால் ஆங்கிலத்தை முதலில் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. ஸ்பானியத்தை முதலில் பார்த்தால் லுகோசியின் நிதானம் மந்தமாகத் தோன்றிவிடும்.