கோட்டைப் பக்கமா, மயிலாப்பூர் பக்கமா?

சென்னையின் பழைய தேவாலயங்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்க, ஒரு காலைப்பொழுதுக்குள் முடிகிற இரண்டு பாதைகள் உண்டு.

முதலாவது, ஜார்ஜ் கோட்டையிலிருந்து அரண்மனைக்காரத் தெரு வரை. கோட்டைக்குள் 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம். பீரங்கிக் குண்டுக்குத் தாங்கும்படி கூரையை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்கேதான் நடந்தது. தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் படிக்கவே நேரம் வேண்டும். அப்புறம், 1772-இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம். முதல் ஆர்மீனிய இதழை 1794-இல் இதே சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கே உறங்குகிறார். சந்தடி மிகுந்த தெருவில் அந்த முற்றத்தின் அமைதி மனதை என்னவோ செய்யும்.

இரண்டாவது, சாந்தோமிலிருந்து லஸ் வரை. சாந்தோமில் இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறைச் சிற்றாலயம். மேலே நிற்பது 1896-இல் முடிந்த கட்டடம். லஸ் தேவாலயக் கல்வெட்டு 1516 என்கிறது. ஊரார் அதைக் காட்டுக் கோயில் என்பார்கள்.

வேண்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கு மயிலாப்பூர் சரி. வழிகாட்டி கூட இருந்தால் நான் கோட்டையைத்தான் சொல்வேன். அங்கே கற்கள் சொல்லும் கதை அதிகம். அடையாள அட்டையை மறக்காதீர்கள், வாசலில் சோதனை உண்டு.