நுவரெலியா பங்களா விடுதி: கூடத்தில் நிற்கும் குளிர்காலத்துக்காகவே போகலாம்

தை மாதக் கடைசியில் இரண்டு இரவு தங்கினோம். நானுஓயா ரயில் நிலையத்துக்கு வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. அறை சுத்தம், சுடுநீருக்குக் குறைவில்லை, இரவுச் சாப்பாடு கொடுத்த காசுக்குக் காணாது. நான் எழுத உட்கார்ந்ததோ கூடத்தில் இருக்கும் பளிங்குச் சிலைக்காக.

இரண்டடி உயரம் இருக்கும். ஓர் இளம்பெண் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, கைகளை அதற்குள் மார்போடு இறுக்கிக் குனிந்து நிற்கிறாள். காலடியில் ஒரு ஜாடி. உள்ளே நீர் உறைந்து ஜாடி வெடித்திருக்கிறது. பெயர் ‘குளிர்காலம்’. பிரெஞ்சுச் சிற்பி ஹூடோன் 1783இல் செதுக்கிய மூலச் சிலை மொன்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செய்த சிறிய பிரதி என்றார் விடுதிக்காரர். ஐரோப்பாவில் குளிர்காலத்தைத் தாடிக் கிழவனாகக் காட்டுவதே பழைய வழக்கம். ஹூடோன்தான் இந்தப் பெண்ணை நடுங்க வைத்தார். இடுப்புக்குக் கீழே துணி இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். பார்த்தவுடன் தோன்றுவது, ஐயோ குளிருமே என்பதுதான்.

குளிரை அறிந்தவர் செய்த தோள்கள் அவை. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பனி கொட்டும் விடியலில், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் கம்பளியைத் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே உள்ளிருந்தே இறுக்கிப் பிடித்தபடி நிற்பார். தோள் காதுவரை ஏறியிருக்கும், முழங்கால்கள் ஒட்டியிருக்கும். சிலையிலும் முழங்கை துணிக்குள்ளிருந்து புடைத்து, அந்த இடத்தில் மட்டும் மடிப்புகள் விறைத்து நிற்கின்றன. அம்மா எந்தத் துரை பங்களாவுக்குள்ளும் முன்வாசலால் நுழைந்ததில்லை. நான் அந்தச் சிலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பராமரிப்புதான் மனதை வருத்துகிறது. ஒரு முழங்காலும் ஜாடியின் விளிம்பும் பளபளப்பு இழந்து சுண்ணாம்புபோல் வெளிறியிருக்கின்றன. துடைக்கும் தம்பி என்னிடம் தரம் 5 படித்தவர். “எலுமிச்சம்பழம் தேய்த்தால் மஞ்சள் போகும் என்றார்கள், டீச்சர்” என்றார். பளிங்கு கல்சியம் காபனேற்று. புளிப்பு எதுவானாலும் அதை அரிக்கும். கணப்படுப்புக்குப் பக்கத்திலேயே சிலையை வைத்துவிட்டு, புகை படிந்த மஞ்சளை எலுமிச்சையால் எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் தேய்த்து மெருகேற்றினால் உளி வேலையும் சேர்ந்து போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றினாலே போதும். இதை எழுதி விடுதிக்காரரிடம் கொடுத்தேன். சிலையை எதிர்ச் சுவருக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் காலை ஆறரைக்குக் கூடத்துக்கு இறங்கி வாருங்கள். கிழக்குச் சன்னல் வெளிச்சம் அப்போது சால்வையின் மெல்லிய ஓரத்தில் படுகிறது. கல்லின் அந்த இடம் மட்டும் மெழுகுபோல உள்ளே ஒளி ஏறி நிற்கிறது.